எந்த வரிசை என்று கேட்கும் செயற்குறி

சி++ நிரல்மொழியின் <=> என்னும் ஒப்பீட்டுச் செயற்குறியைப் பயன்படுத்திய காலம் நான்கு ஆண்டுகள். மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரை மதிப்பெண்ணை ஏன் பிடித்துவைத்தேன் என்பதைப் பிற்பாதியில் சொல்கிறேன்.

சி++ மொழியில் நாமே உருவாக்கிய இனக்குழுவின் (கிளாஸ்) இரண்டு பொருள்களை ஒப்பிட வேண்டுமானால், முன்பெல்லாம் ஆறு செயற்குறிகளுக்குப் பணிமிகுப்பு, அதாவது நம் பொருள்களிடையே அந்தக் குறி என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கம், எழுத வேண்டும்: ==, !=, <, >, <=, >=. முதல் ஒன்றை யோசித்து எழுதுவோம். மற்ற ஐந்தையும் அதைப் பார்த்து, குறியை மட்டும் மாற்றி எழுதுவோம். ஆறு மாதம் கழித்து இனக்குழுவில் புதிதாக ஒரு தரவு உறுப்பு சேரும். ஐந்து இடங்களில் அதைச் சேர்த்துவிட்டு ஆறாவதை விட்டுவிடுவோம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. நிரலும் ஓடும். பட்டியலில் எங்கோ ஒரு வரி மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

சி++20 பதிப்பில் வந்த <=> செயற்குறி அந்த ஆறையும் இரண்டாகச் சுருக்கியது. விண்கலம்போன்ற தோற்றம் இருப்பதால் எல்லோரும் அதை விண்கலக் குறி என்றே அழைக்கிறார்கள். பெர்ல், ரூபி மொழிகளில் இது நெடுநாளாக உண்டு. பிஎச்பி மொழிக்கு 2015இல் ஏழாம் பதிப்போடு வந்தது. சி++ இதைத் தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் எடுத்தபோது மற்ற மொழிகளில் இல்லாத ஒரு கேள்வியையும் அதோடு சேர்த்தே எடுத்தது. இந்தக் குறியை நான் கொண்டாடுவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

கையால் எழுதுவதில் என்ன ஆபத்து என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய தேதி இனக்குழுவின் < குறி இப்படி இருந்தது: என் ஆண்டு சிறியது, அல்லது என் மாதம் சிறியது, அல்லது என் நாள் சிறியது என்றால் நான் முந்தைய தேதி. படித்தால் சரியாகவே தோன்றும். 2019 டிசம்பர் 5, 2020 ஜனவரி 3 ஆகிய இரண்டையும் அதனிடம் கொடுங்கள். 2019 சிறிய ஆண்டு, ஆகவே டிசம்பர் தேதி முந்தையது. அடுத்து இடம் மாற்றிக் கேளுங்கள். ஜனவரி 1, டிசம்பர் 12, ஆகவே ஜனவரி தேதி முந்தையது. இரண்டு தேதிகளும் ஒன்றுக்கொன்று முந்தையவையாகிவிடுகின்றன.

அந்தத் தேதியைச் சாவியாக வைத்து ஒரு மேப், அதாவது சாவியைக் கொடுத்தால் அதற்குரிய பதிவைத் தரும் கொள்கலன், கட்டியிருந்தேன். மேப் தன் சாவிகளை மரமாக அடுக்கி, ஒவ்வொரு கிளையிலும் < குறியைக் கேட்டுத்தான் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தீர்மானிக்கிறது. குறி சொல்லும் பதில் முரணாக இருந்தால், போட்ட பொருளைத் தேடும்போது அது வேறு கிளைக்குப் போய்விடும். எண்ணிக்கை கேட்டால் பதிவு இருக்கிறது. முழுவதும் அச்சிட்டால் கண்ணில் படுகிறது. தேடினால் மட்டும் கிடைப்பதில்லை. இரண்டு நாள் மேப்பைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அதே இனக்குழுவில் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று உறுப்புகளை அந்த வரிசையிலேயே அறிவித்துவிட்டு, <=> குறிக்கு நேரே டிஃபால்ட் என்று ஒரே ஒரு வரி எழுதுகிறேன். கம்பைலர் உறுப்புகளை மேலிருந்து கீழாக ஒப்பிட்டுக்கொண்டு போய், முதல் வேறுபாட்டில் நின்று விடை சொல்கிறது. அகராதியில் சொற்களை அடுக்குவது போன்ற அதே முறை. பிறகு நான் அ < ஆ என்று எழுதினால், அதைக் கம்பைலர் (அ <=> ஆ) < 0 என்று மாற்றிப் படித்துக்கொள்கிறது. மற்ற மூன்றுக்கும் இதே கதைதான். அ != ஆ என்றால் == குறியைக் கேட்டு, விடையைத் திருப்பிக்கொள்கிறது. ஒரு பொருளை ஓர் எண்ணோடு ஒப்பிட <=> எழுதினால், எண் இடப்பக்கமும் பொருள் வலப்பக்கமும் வரும் வடிவத்துக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை, அதையும் கம்பைலரே கண்டுகொள்கிறது. முன்பு பன்னிரண்டு செயற்கூறுகளை (ஃபங்ஷன்) தாண்டும் வேலை அது.

வரிகள் மிச்சமாவது மகிழ்ச்சிதான். ஆனால் அதற்காக மட்டும் நாலரை மதிப்பெண் தரமாட்டேன். விஷயம் திருப்பித் தரும் விடையின் வகையில் இருக்கிறது. மற்ற மொழிகளில் இந்தக் குறி கழித்தல் ஒன்று, சுழி, கூட்டல் ஒன்று என எண்ணைத் தருவதே வழக்கம். சி++ எண் தருவதில்லை. மூன்று வகைகளில் ஒன்றைத் தரச் சொல்கிறது: ஸ்ட்ராங் ஆர்டரிங், வீக் ஆர்டரிங், பார்ஷியல் ஆர்டரிங். தமிழில் வலுவான வரிசை, தளர்ந்த வரிசை, பகுதி வரிசை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். உன் பொருள்களுக்கு இடையே இருப்பது எந்த வரிசை என்று மொழி நேருக்கு நேர் கேட்கிறது. அதுவரை நான் எழுதிய எந்த இனக்குழுவுக்கும் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

மூன்றையும் ஒரே வேலையில் பார்த்தேன். மென்பொருள்களைப் புதுப்பிக்கும் ஒரு கருவியைப் பராமரிக்கிறேன். எந்தப் பதிப்பு புதியது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் உயிர். பதிப்பு எண்ணைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, வைத்து ஒப்பிட்டால் 1.10.0 பழையதாகவும் 1.9.0 புதியதாகவும் தெரியும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 9 என்ற எழுத்துக்கு முன்னால் வருகிறது. ஆகவே மூன்று முழு எண்களையும் முன்னோட்ட அடையாளமாக ஒரு சரத்தையும் கொண்ட இனக்குழு. நான்குக்கும் சேர்த்து <=> டிஃபால்ட். ஒரே வரி.

சோதனை ஓடியதும் 1.0.0 என்ற முழுமையான வெளியீட்டைவிட 1.0.0-ஆல்ஃபா புதியது என்று விடை வந்தது. காரணம் எளிது. முழுமையான வெளியீட்டில் அடையாளச் சரம் வெறுமையாக இருக்கும், வெற்றுச் சரம் எந்தச் சரத்துக்கும் முந்தியது. ஆனால் பதிப்பு எண்களுக்கான செமான்டிக் வெர்ஷனிங் என்ற பொது விதிப்படி ஆல்ஃபாதான் முதலில், முழுமையானது பிறகு. அதே விதி ஆல்ஃபா.2 முந்தியது, ஆல்ஃபா.10 பிந்தியது என்றும் சொல்கிறது, புள்ளிகளுக்கு இடையே வரும் எண்களை எண்ணாகவே மதிக்க வேண்டும். டிஃபால்ட் வரிக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அது உறுப்புகளைப் பார்க்கிறது, விதிகளை நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே <=> குறியை நானே எழுதினேன். பதினெட்டு வரிகள். அவற்றைச் சரிபார்த்துவிட்டால் நான்கு ஒப்பீட்டுக் குறிகளும் சரி. அந்த உறுதி முன்பு கிடையாது.

அடுத்து விடையின் வகையை எழுத வேண்டிய இடம் வந்தது. பதிப்பு எண்ணின் வாலில் கூட்டல் குறி போட்டுக் கட்டுமானக் குறிப்பும் வரலாம்: 1.0.0+7, 1.0.0+8 என்பதுபோல. முன்பின் பார்க்கும்போது அந்தக் குறிப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் இந்த இரண்டும் வரிசையில் ஒரே இடம், ஆனால் ஒரே பொருள் அல்ல. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் பயனருக்கு வேறு கோப்பு போய்ச் சேரும். இதற்குப் பெயர்தான் தளர்ந்த வரிசை. ஒரே இடத்தில் நிற்பவை எல்லா வகையிலும் ஒன்றே என்றால் வலுவான வரிசை. ஸ்ட்ராங் என்று தட்டச்சு செய்யப் போன விரல் அங்கே நின்றது. வீக் என்று மாற்றினேன். அந்த ஒரு சொல்லை மாற்றியபோதுதான், என் கருவியில் ஒரே பொருளை இரண்டாம் முறை சேர்க்காத செட் ஒன்றில் பதிப்புகளைப் போட்டு வைத்திருப்பது உறைத்தது. செட் == குறியைப் பார்ப்பதே இல்லை. இதைவிட அது சிறியதும் இல்லை, அதைவிட இது சிறியதும் இல்லை என்றால் இரண்டும் ஒன்றென்று முடிவு செய்து, பின்னால் வந்ததைச் சேர்க்காமல் விட்டுவிடும். +7 உள்ளே இருந்தால் +8 நுழையவே முடியாது. எங்கள் கருவியில் சில கட்டுமானங்கள் காணாமல்போகின்றன என்று பழைய புகார் ஒன்று இருந்தது. விடை அங்கே இருந்தது.

மூன்றாவது வகையான பகுதி வரிசை மிதவைப் புள்ளி எண்கள் (கணினியின் தசம எண்கள்) உள்ள இடத்தில் தானாகவே வந்து நிற்கும். எண் அல்ல (NaN) என்னும் மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் சிறியது, பெரியது, சமம் என்ற மூன்றுக்கும் இல்லை என்றே பதில், தன்னோடு ஒப்பிட்டாலும்கூட. வெப்பமானிப் பதிவுகளுக்கான இனக்குழுவில் டபுள் என்னும் மிதவை எண் வகையில் ஓர் உறுப்பு இருந்தது. <=> டிஃபால்ட் எழுதி, விடை வகையை ஸ்ட்ராங் என்று குறித்தேன். ஒப்பிட முயன்ற இடத்தில் கம்பைலர் மறுத்துவிட்டது. முன்பு அதே பதிவுகளைக் கேள்வியே இல்லாமல் சார்ட் செய்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தோம். கருவி பழுதாகி எண் அல்லாத மதிப்பு ஒன்று உள்ளே வந்தால், சார்ட் கேட்கும் நிபந்தனையே உடைந்துபோகும். என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இப்போது பழுதான பதிவுகளை முதலிலேயே பிரித்தெடுக்கிறோம். தேவைப்பட்டால் ஸ்ட்ராங் ஆர்டர் என்ற செயற்கூறு மிதவை எண்களையும் ஒரே கோட்டில் அடுக்கித் தருகிறது. வழி இருக்கிறது. தெரிந்தே அந்த வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

== ஏன் தனியாக நிற்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சி++ தரக்குழுவைச் சேர்ந்த ஹெர்ப் சட்டரும் உடன் எழுதியவர்களும் 2017இல் கொடுத்த முன்மொழிவில் <=> ஒன்றிலிருந்தே ஆறும் கிடைப்பதாகத்தான் இருந்தது. பிறகு அதே குழுவின் பாரி ரெவ்சின் ஒரு ஓட்டையைக் காட்டினார். 10,00,000 உறுப்புகள் கொண்ட ஒரு வெக்டர் (உறுப்புகளின் தொடர் பட்டியல்), 10,00,001 உறுப்புகள் கொண்ட இன்னொன்று, முதல் பத்து லட்சமும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமா என்று கேட்டால் நீளத்தைப் பார்த்த மாத்திரத்தில் இல்லை என்று சொல்லிவிடலாம். எது முந்தியது என்று கேட்டால்தான் பத்து லட்சத்தையும் நடந்து கடக்க வேண்டும். முதல் கேள்விக்கும் இரண்டாவதன் வழியாகவே பதில் தேடினால் அத்தனை நடையும் வீண். அதனால் == குறியைப் பிரித்துவிட்டார்கள். <=> டிஃபால்டாக இருந்தால் == தானாகவே கிடைக்கும். <=> குறியை நீங்களே எழுதினால் == குறியையும் நீங்களேதான் எழுத வேண்டும், அல்லது அதற்கும் தனியாக டிஃபால்ட் போட வேண்டும். என் பதிப்பு இனக்குழுவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. == டிஃபால்ட், வால் குறிப்பு உட்பட எல்லா உறுப்பும் ஒன்றாக இருந்தால்தான் சமம். <=> என்னுடையது, வால் குறிப்பைப் பொருட்படுத்தாது.

இனி அரை மதிப்பெண்.

முதல் குறை, உறுப்புகளை அறிவிக்கும் வரிசையே ஒப்பீட்டின் பொருளாகிவிடுகிறது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், நினைவகம் வீணாகிறது என்று ஓர் இனக்குழுவின் உறுப்புகளை அளவு வாரியாக இடம் மாற்றினார். நோக்கம் சரியானதுதான், பொருளின் அளவும் குறைந்தது. ஆனால் முன்னுரிமை எண்ணுக்கு மேலே நேரமுத்திரை ஏறிவிட்டது. பணி வரிசையில் அவசர வேலைகள் பின்னால் போய்விட்டன. கம்பைலருக்கு இதில் எச்சரிக்க ஒன்றுமில்லை. அவரைக் குறைசொல்லவும் முடியாது, அந்த வரிசை வெறும் அடுக்கு அல்ல என்று அங்கே எதுவுமே எழுதப்படவில்லை. ஒப்பீட்டைத் தானே எழுதித் தரும் ரஸ்ட் மொழியின் டிரைவ் வசதியிலும் இதே ஆபத்து இருக்கிறது. அன்றிலிருந்து டிஃபால்ட் ஒப்பீடு உள்ள ஒவ்வோர் இனக்குழுவுக்கும், இரண்டு உறுப்புகள் எதிரெதிர்த் திசையில் வேறுபடும் இரு பொருள்களை வைத்து ஒரு சோதனை எழுதுகிறோம். அந்தச் சோதனை இல்லாமல் டிஃபால்ட் போடாதீர்கள்.

இரண்டாவது, வேறொரு பொருளின் நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர். உறுப்பாகப் பாயிண்டர் இருந்தால் டிஃபால்ட் ஒப்பிடுவது முகவரியை, அது சுட்டும் பொருளை அல்ல. ஒரே பெயரை இரண்டு இடங்களில் வைத்திருந்தால் சமமில்லை என்றே விடை வரும். ஓர் இனக்குழுவிலிருந்து இன்னொன்றைத் தருவிக்கும் மரபுரிமத்திலும் இது பெரிதாக உதவாது. அடிப்படை இனக்குழுவின் பகுதியை முதலில் ஒப்பிடுகிறது, நல்லது. ஆனால் தருவிக்கப்பட்ட இரண்டு பொருள்களை அடிப்படை வகையின் வழியாகப் பார்த்து ஒப்பிட்டால், அடிப்படைப் பகுதி மட்டுமே ஒப்பிடப்படும், மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலைக்கு இந்தக் குறியை நம்பி இறங்காதீர்கள்.

மூன்றாவது, டிஃபால்ட் சத்தமில்லாமல் செத்துப்போகலாம். விடை வகையைக் கம்பைலரே முடிவு செய்யட்டும் என்று ஆட்டோ போட்டு விட்டுவிட்டு, உறுப்புகளில் ஒன்றுக்கு <=> இல்லாவிட்டால் உங்கள் <=> குறியும் நீக்கப்பட்டதாகிவிடும். அறிவித்த இடத்தில் பிழை வராது. வேறொருவர் வேறொரு கோப்பில் ஒப்பிடும்போதுதான் வரும், அதுவும் பக்கம் பக்கமாக. ஆட்டோ வேண்டாம், வகையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அப்படி எழுதினால் பழைய இனக்குழுவில் == குறியும் < குறியும் மட்டும் இருந்தாலும் கம்பைலர் அவற்றை வைத்தே ஒப்பேற்றிக்கொள்ளும். கம்பேர் தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்தாலும் பிழைதான், ஆனால் அது உடனே தெரிந்துவிடும்.

பழைய நிரலைச் சி++20க்கு நகர்த்துபவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம். == செயற்கூறின் கடைசியில் கான்ஸ்ட் (பொருளை மாற்றமாட்டேன் என்னும் உறுதி) போட மறந்திருந்தால் இத்தனை நாள் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. இப்போது கம்பைலர் இடவலம் மாற்றியும் பார்ப்பதால், இரண்டு வடிவங்களில் எது என்று தெரியவில்லை என எச்சரிக்கை வரும். எங்கள் நிரலில் இப்படி முப்பத்தொரு இடங்கள். எல்லாமே உண்மையான தவறுகள், ஆகவே இதைக் குறையாக நான் எண்ணவில்லை.

மாற்று எதுவும் இல்லையா என்றால், உண்டு. பைத்தானில் டேட்டாகிளாஸ் வசதிக்கு ஆர்டர் என்று சொன்னால் போதும், உறுப்பு வரிசையில் ஒப்பிட்டுக்கொள்ளும், எழுத இதைவிட இனிது. ஆனால் வலுவானதா தளர்ந்ததா என்று அது கேட்பதில்லை. ஜாவாவில் செயற்குறிப் பணிமிகுப்பே கிடையாது. ஈக்வல்ஸ் (equals), கம்பேர்டு (compareTo) என்று இரண்டு செயற்கூறுகள், இரண்டும் ஒத்துப்போவது எழுதுபவர் பொறுப்பு. அந்த மொழியின் சொந்தப் பிக்டெசிமல் இனக்குழுவிலேயே 2.0, 2.00 இரண்டும் ஈக்வல்ஸ் முன்னால் வேறு, கம்பேர்டு முன்னால் ஒன்று. அது அசல் தளர்ந்த வரிசை. ஆவணத்தைப் படித்தவருக்குத்தான் அது தெரியும். சி++இல் அதே செய்தி விடை வகையிலேயே எழுதப்பட்டிருக்கும், படிக்காதவரையும் கம்பைலர் நிறுத்திக் கேட்கும். ரஸ்ட் இதற்கு மிக அருகில் வருகிறது. பகுதி வரிசைக்கு ஒரு ட்ரெய்ட் (ஒரு வகைக்கு இன்ன திறன் உண்டு என்னும் அறிவிப்பு), முழு வரிசைக்கு ஒரு ட்ரெய்ட் என்று பிரித்து வைத்திருக்கிறது, மிதவை எண்ணுக்கு இரண்டாவது கிடையாது. தளர்ந்ததற்கென்று தனி வகை அங்கேயும் இல்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? புதிதாக இனக்குழு எழுதும் எவருக்கும், இன்றே. ஜிசிசி கம்பைலரில் 10ஆம் பதிப்பு முதல் இது இருக்கிறது, காத்திருக்கக் காரணமில்லை. பழைய நிரலில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். மேப், செட் ஆகியவற்றின் சாவியாக நிற்கும் இனக்குழுக்களிலிருந்து தொடங்குங்கள். தவறுகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

போன வாரம் மாற்றியது தமிழ்ப் பெயர்களை வைத்திருக்கும் ஓர் இனக்குழு. சரம் ஒன்றுதான் உறுப்பு, டிஃபால்ட் போதும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சரத்தின் ஒப்பீடு யூனிகோடு எண்களின் வரிசையில் நடக்கிறது. அங்கே ன என்பது ந எழுத்தை ஒட்டி, ப எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ற என்பது ர எழுத்தை அடுத்து, ழ என்பது ள எழுத்துக்குப் பின், வ அவற்றுக்கும் கடைசியில். டிஃபால்ட் வரி மனம் என்ற சொல்லை மயில் என்ற சொல்லுக்கு முன்னால் வைத்தது. நம் அகராதியில் மயில்தான் முந்தியது, ன கடைசி மெய். == குறியை டிஃபால்டாகவே விட்டேன், சமமா என்பதற்கு எழுத்து வரிசை தேவையில்லை. <=> குறிக்கு எழுத்துகளின் இடங்களைக் குறித்த சிறிய அட்டவணை ஒன்றை எழுதினேன். ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் ன எழுத்துக்குப் பின்னால் வைத்தேன். எந்த இரண்டு எழுத்துக்கும் ஒரே இடம் கொடுக்கவில்லை என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த பிறகு, விடை வகையின் இடத்தில் ஸ்ட்ராங் என்று எழுதினேன்.